முட்டுக்கு வைக்கிற கரண்டு

எங்கள் பக்கத்தில் முழங்கால் தேய்மானத்துக்காக பிசியோதெரபிக்குப் போகிறவர்கள் யாரும் அதை அந்தப் பெயரால் சொல்வதில்லை. "முட்டுக்குக் கரண்டு வைக்கப் போறேன்" என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு இயந்திரங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் ஒன்று வெறும் கூச்சத்தைத் தருவது, இன்னொன்று அதிர்வைத் தருவது, மற்றொன்று உடம்பைத் தொடாமலேயே உள்ளிருந்து சூடேற்றுவது. மின்வாரியத்தில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து, அதில் பெரும்பகுதியைத் துணைமின் நிலையங்களில் கழித்தவன் நான். அப்படியிருந்தும் இந்த வேறுபாடுகளை, என் பெரியம்மையின் முழங்காலை முன்னிட்டு ஒரு பிற்பகலில் பதறிப்போன பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

பெரியம்மைக்கு ஊர் முக்கூடல். நாற்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் பீடி சுற்றியவர். சுளகை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தால், கடைக்குக் கட்டு கொடுக்கப் போகும் நேரம் வரை எழுந்திருக்கமாட்டார். முழங்கால் தேய்வதற்கு வயதும் எடையும் பரம்பரையும் காரணம் என்று மருத்துவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை; அந்தச் சுளகுக்கும் அதில் பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

2019-இல் ஒரு நாள் ஆற்றில் குளித்துவிட்டுப் படித்துறை ஏறும்போது மயங்கி விழுந்தார். நல்ல வேளையாகத் தண்ணீரின் பக்கம் விழவில்லை. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு "ஹார்ட் பிளாக்" என்றார்கள். உறவினர்கள் அனைவரும் அதை ரத்தக்குழாய் அடைப்பு என்றே புரிந்துகொண்டு, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று பணம் திரட்டத் தொடங்கினார்கள். உண்மையில் அது அடைப்பே அல்ல. இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு இறங்க வேண்டிய மின்தூண்டல் நடுவழியில் அறுந்துபோவதுதான் அந்த பிளாக். எங்கள் பாஷையில் சொன்னால் குழாய்க் கோளாறு அல்ல, வயரிங் கோளாறு. இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பேஸ்மேக்கர் பொருத்தி, அதிலிருந்து இரண்டு கம்பிகளை ரத்தநாளத்தின் வழியே இதயத்துக்குள் இறக்கினார்கள். பத்து நாளில் பெரியம்மை வீட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். முந்தானை மறைத்துவிடும் இடம் என்பதால், உள்ளே ஒரு கருவி இருப்பதை அவரே பல நாட்கள் மறந்துவிடுவார்.

அவர் மறந்திருந்த அப்படியொரு நாளில்தான் நான் அவரைப் பாளையங்கோட்டையில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு அழைத்துப் போனேன். பெயரைச் சொல்லத் தேவையில்லை. அன்று அங்கே நடந்தது வேறு பல இடங்களிலும் நடக்கக்கூடியது. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று கேட்டார்கள். இரண்டுக்கும் பதில் சொன்னோம். பயிற்சிக்கு வந்திருந்த பெண், "ஆச்சி, வளையல், மெட்டி எல்லாம் கழற்றிருங்க, இதுல உலோகம் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, இரண்டு நீண்ட கைகளும் அவற்றின் நுனியில் தட்டுப் போன்ற வட்டங்களும் கொண்ட ஒரு பெரிய இயந்திரத்தைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கடைசி வாக்கியம்தான் என் காதில் விழுந்து தைத்தது. விரலில் கிடக்கும் மெட்டி ஆகாதென்றால், நெஞ்சுக்குள் கிடக்கும் கம்பி ஆகுமா? நான் எழுந்து நின்று கேட்டேன். அந்தப் பெண்ணின் முகம் வெளிறியதை இன்றும் மறக்கவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அவள் கையில் கொடுத்திருந்த தாளில் இல்லை. பெரியம்மைக்கோ என்மேல்தான் கோபம். "ஏய்யா, முட்டுக்குத்தானே கரண்டு வைக்காவ, நெஞ்சுக்கா வைக்காவ?" என்றார்.

அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு முறையான பதில் தேடித்தான் அடுத்த சில மாதங்களை நான் செலவழித்தேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதய நோயாளிகள் ஏன் இந்த இயந்திரங்களைத் தேடிப் போகிறார்கள்? மாத்திரை அவர்களுக்கு ஆகாது என்பதால்தான். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் முதலில் எடுத்து நீட்டுவது டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகளை. இந்த வகை மருந்துகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன. இதயம் பலவீனமானவர்களுக்குக் கால்வீக்கத்தையும் மூச்சிரைப்பையும் கூட்டுகின்றன. சிலருக்கு மாரடைப்புக்கான வாய்ப்பையே உயர்த்துகின்றன. இதே வகையைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப் என்ற புகழ்பெற்ற மாத்திரை 2004-இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். 2013-இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் கண்டவர்களுக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளோடு இவற்றைச் சேர்த்து விழுங்கினால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் வேறு. ஐபுபுரோஃபெனுக்கோ, ஆஸ்பிரினின் இதயப் பாதுகாப்பையே தட்டிப்பறிக்கும் குணமும் உண்டு. ஆகவே இதய மருத்துவர் மாத்திரை வேண்டாம் என்கிறார், எலும்பு மருத்துவர் அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம் என்கிறார். நோயாளி கரண்டு வைக்கும் இடத்தில் போய் நிற்கிறார். பக்கவிளைவு இல்லாதது என்ற பெயர் அதற்கு இருப்பதால், அங்கே எவரும் எதையும் விசாரிப்பதில்லை.

இனி அந்தப் பெரிய இயந்திரத்துக்கு வருகிறேன். அதற்கு ஷார்ட் வேவ் டயாதெர்மி என்று பெயர், நிலையங்களில் எஸ்.டபிள்யூ.டி. என்பார்கள். வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது என்றால், இது 2 கோடியே 71 லட்சத்து 20 ஆயிரம் முறை அலைகிறது, அதாவது 27.12 மெகாஹெர்ட்ஸ். இந்த வேகத்தில் மின்சாரம் வெறும் கரண்டாக இருப்பதில்லை, வானொலி அலைபோல் வெளியில் பரவுகிறது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே முழங்காலை வைத்தால், தட்டு தோலைத் தொடாமலேயே உள்ளிருக்கும் தசையும் மூட்டும் சூடாகின்றன. ஈரத்திலும் உலோகத்திலும் இந்த அலை குவியும் என்பதால்தான் மெட்டியைக் கழற்றச் சொல்கிறார்கள். வியர்வையைத் துடைக்கச் சொல்வதும் அதனால்தான்.

பேஸ்மேக்கரின் கம்பி இந்த அலைக்கு ஓர் ஆண்டெனா. அது இழுத்துக்கொள்ளும் ஆற்றல் கம்பி நெடுகப் பயணம் செய்து, கம்பி எந்த இடத்தில் சதையோடு முட்டி நிற்கிறதோ அந்த நுனியில் வெப்பமாக இறங்குகிறது. பெரியம்மைக்கு அந்த நுனி இருப்பது இதயத்தின் உட்சுவரில். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002 டிசம்பரில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மூளைக்குள் மின்தூண்டல் கருவி பொருத்தியிருந்த நோயாளிகள் டயாதெர்மிக்குப் பின் உயிரிழந்த நிகழ்வுகள் அதன் பின்னணியில் இருந்தன. கம்பியுடன் கூடிய எந்தக் கருவியை உடலுக்குள் வைத்திருப்பவருக்கும், உடம்பின் எந்தப் பாகத்திலும் இந்தச் சிகிச்சை கூடாது என்பது அதன் சாரம். கருவி அணைத்து வைக்கப்பட்டிருந்தாலும் கூடாது. கருவியை எடுத்துவிட்டுக் கம்பியை மட்டும் உள்ளே விட்டிருந்தாலும் கூடாது. சூட்டை உணராத அளவுக்குக் குறைத்து, விட்டு விட்டுப் பாய்ச்சும் முறைக்கும் இது பொருந்தும். பெரியம்மையின் "நெஞ்சுக்கா வைக்காவ" என்ற கேள்விக்கு, இந்த ஓர் இயந்திரத்தைப் பொறுத்தவரையில், பேரம் பேச இடமில்லாத பதில் இதுதான். பக்கத்துத் தடுப்பில் அது ஓடிக்கொண்டிருக்கும்போது, துணித்திரைக்கு இந்தப் பக்கம் பேஸ்மேக்கர் வைத்தவரை உட்காரவைப்பதும் சரியல்ல. துணி அலையைத் தடுக்காது.

மற்ற இயந்திரங்களின் கதை இவ்வளவு நேரடியானதல்ல.

டென்ஸ் என்று அழைக்கப்படுவது, கைக்குள் அடங்கும் பெட்டி. பேட்டரியில் ஓடும். முழங்காலின் இருபுறமும் பசையுள்ள பட்டைகளை ஒட்டி, விநாடிக்கு ஒன்று முதல் 150 வரையிலான சிறு துடிப்புகளை அனுப்புவார்கள். ஒவ்வொரு துடிப்பும் விநாடியில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரமே நீடிக்கும். ஐ.எஃப்.டி. என்பது அதற்கு அண்ணன். ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸ் உள்ள இரண்டு மின்னோட்டங்களைக் குறுக்காகச் செலுத்தி, அவை சந்திக்கும் இடத்தில் நூற்றுக்கும் குறைவான ஹெர்ட்ஸில் ஒரு தாளத்தை உண்டாக்குவது. இரண்டு வீணைத் தந்திகளைச் சற்றே பிசகிய சுருதியில் மீட்டினால் நடுவே ஓர் அலைவு கேட்குமே, அதே கணக்கு. அல்ட்ராசவுண்ட் என்பதில் தோலுக்குள் செல்வது மின்சாரமே அல்ல, ஒலி. அதன் தலையை நெஞ்சில் கருவியின் மேல் ஓட்டாதவரை அது முழங்காலோடு நின்றுவிடும். மெழுகு ஒத்தடத்தில் கரண்டே இல்லை, ஆனாலும் அதையும் நம் மக்கள் கரண்டுக் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

டென்ஸ், ஐ.எஃப்.டி. ஆகியவற்றைப் பற்றிய அச்சம் இரண்டு வகைப்படும். நான் கேட்டவரையில் எல்லோரும் முதல் வகையைத்தான் அஞ்சுகிறார்கள், அதாவது கரண்டு ஏறிப்போய் இதயத்தை நிறுத்திவிடும் என்று. கம்பத்தில் ஏறுகிறவனுக்குத் தெரியும், எத்தனை வோல்ட் என்பதைவிட எங்கே நுழைந்து எங்கே வெளியேறியது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறினால் பாதை நெஞ்சுக்கு நடுவே போகிறது. ஒரே முழங்காலின் இரு பக்கமும் பட்டையை ஒட்டினால், மின்னோட்டத்தின் பெரும்பகுதி அந்த முழங்காலுக்குள்ளேயே நுழைந்து அங்கேயே வெளியேறிவிடும். ஆகவே பட்டைகளை நெஞ்சிலும், நெஞ்சுக்கும் முதுகுக்கும் குறுக்காகவும் ஒட்டக் கூடாது. கழுத்தின் முன்பக்கமும் கூடாது, அங்கே ரத்த அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் இருப்பதால் நாடித்துடிப்பு திடீரென்று இறங்கிவிடக்கூடும். முழங்காலில் ஒட்டியதால் ஆரோக்கியமான இதயம் நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது அச்சத்தை யாரும் பேசுவதில்லை. அதை விளக்கத் துணைமின் நிலையத்திலிருந்துதான் உதாரணம் எடுக்க வேண்டும். அங்கே ரிலே என்று ஒன்று உண்டு. அது இரவும் பகலும் லைனைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கோளாறு என்று தோன்றினால் பிரேக்கரைத் தட்டிவிடும். ரிலே பழுதாவதைவிட எங்களைப் படுத்துவது, ரிலே ஏமாறுவது. எங்கோ எழும் இரைச்சலைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு நள்ளிரவில் ஊரையே இருட்டாக்கிவிடும். பேஸ்மேக்கரும் அப்படிப்பட்ட ஒரு காவலாளிதான். இதயம் தானாகத் துடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்து, துடிக்காவிட்டால் மட்டும் தான் ஒரு துடிப்பைக் கொடுக்கும். அது கேட்கும் ஒலியின் அளவு சில மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. முழங்காலில் ஒட்டிய பட்டையிலிருந்து மேலேறி வரும் மிச்சசொச்ச இரைச்சல் அந்த அளவைத் தொட்டுவிட்டால், "இதயம் தானே துடிக்கிறது, நம் வேலை வேண்டாம்" என்று கருவி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். முழு பிளாக் உள்ள பெரியம்மை போன்றவர்களுக்குச் சில விநாடிகள் அப்படி உட்கார்ந்தால் மயக்கம். தொடர்ந்து இரைச்சல் வந்தால் அதை இரைச்சல் என்று கண்டுகொண்டு, எதையும் கேட்காமல் ஒரே சீரான வேகத்தில் துடிப்பைக் கொடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது என்பது ஆறுதல். ஐ.சி.டி. என்ற அதிர்ச்சி கொடுக்கும் கருவியை வைத்திருப்பவருக்கு நிலைமை தலைகீழ். இரைச்சலை உயிர்போகும் இதயப் படபடப்பு என்று அது எடுத்துக்கொண்டால், தெளிவாக உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு உள்ளிருந்தே ஓர் அதிர்ச்சியைக் கொடுத்துவிடும். ஆகவே ஐ.சி.டி. வைத்தவர்கள் டென்ஸ் பக்கமே போக வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. பெட்டிக்குள் இருக்கும் கையேடுகளும் அதையேதான் சொல்கின்றன.

பேஸ்மேக்கருக்கு மட்டும் ஆய்வுகள் இருபக்கமும் பேசுகின்றன. அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 1988-இல், 20 வகை பேஸ்மேக்கர்களை வைத்திருந்த 51 பேருக்கு முதுகு, கழுத்து, கை, கால் ஆகிய இடங்களில் டென்ஸ் வைத்துப் பார்த்து, ஒருவருக்கும் குறுக்கீடு நேரவில்லை என்று எழுதினார்கள். அதன் பின், டென்ஸ் ஓடும்போது பேஸ்மேக்கர் வேலையை நிறுத்திக்கொண்ட நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகளும் வந்தன. கருவியின் கேட்கும் கூர்மையை மாற்றியமைத்து அதைச் சரிசெய்தார்கள். ஒன்று பொய், மற்றது மெய் என்று இதைப் படிக்கக் கூடாது. கம்பியின் அமைப்பு, கருவியின் அமைப்பு, நோயாளி அதை எவ்வளவு நம்பியிருக்கிறார் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் என்றுதான் படிக்க வேண்டும். பெரியம்மையின் இதய மருத்துவரும் எங்களிடம் அப்படித்தான் பேசினார். கருவியின் அடையாள அட்டையைக் கேட்டார். அது பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் இருந்தது, ஆகவே இன்னொரு நாள் வரவேண்டியதாயிற்று. கம்பி இருமுனைக் கம்பியா என்று பார்த்தார். ஒற்றைமுனைக் கம்பி வெளி இரைச்சலுக்கு அதிகம் செவிகொடுக்குமாம். கருவியைச் சிறிது நேரம் மெதுவாக்கி, இதயம் தானே எவ்வளவு துடிக்கிறது என்று சோதித்தார். ஏறக்குறைய ஒன்றுமில்லை. "வேணும்னா இங்கேயே ஈ.சி.ஜி. மாட்டிவைத்து ஒரு தடவை டென்ஸ் வைத்துப் பார்க்கலாம். ஆனால் வீட்டில் தனியாக வேண்டாம். அதுல கிடைக்கிற லாபத்துக்கு இது தேவையான்னு யோசிங்க" என்றார். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்று அட்டையில் போட்டிருக்கிறதே, இது ஆகாதா என்று நான் கேட்டேன். எம்.ஆர்.ஐ.க்கு உட்கார வைக்கும்போது கருவியைத் தனி முறைக்கு மாற்றிவிட்டு, ஆள் வைத்துக் கண்காணிக்கிறோம், அந்தச் சான்று எம்.ஆர்.ஐ.க்கு மட்டும்தான் என்றார். படித்தவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது என்று இப்போது தோன்றுகிறது.

லாபம் என்று அவர் சொன்னதை நான் விடவில்லை. வலிக்கு மின்சாரம் வைப்பது புதிய யோசனை அல்ல. முதலாம் நூற்றாண்டு ரோமானிய வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், மூட்டுவாதக்காரரைக் கடற்கரை ஈரத்தில் நிற்கவைத்துக் காலுக்கடியில் மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை வைக்கச் சொன்னார். அதற்கு விஞ்ஞான விளக்கம் 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் வெளியிட்ட வாயிற்கதவுக் கோட்பாட்டில் கிடைத்தது. தொடுகை நரம்புகளைக் கிளறிவிட்டால் வலியின் செய்தி தண்டுவடத்தின் வாசலிலேயே நெருக்கடியில் சிக்கிக்கொள்ளும் என்பது அதன் சுருக்கம். இடித்துக்கொண்ட இடத்தை நாம் தேய்த்துவிடுவதும் அதே வித்தைதான். ஆனால் முழங்கால் தேய்மானத்தில் இந்த வித்தை எவ்வளவு பலிக்கிறது என்று எடைபோட்டவர்கள் கை விரித்துவிட்டார்கள். அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி, முழங்கால் தேய்மானத்துக்கு டென்ஸ் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல், டென்ஸ், ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட், ஷார்ட் வேவ் எதையுமே பலனுக்குப் போதிய ஆதாரம் இல்லாததால் கொடுக்க வேண்டாம் என்றது. இரண்டுமே முன்னால் நிறுத்துவது உடற்பயிற்சியையும் எடைக்குறைப்பையும். எனக்குத் தெரிந்த பலருக்குக் கரண்டு வைத்த அன்று மாலை வலி குறைந்திருக்கிறது, அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். இருபது நிமிடம் ஒருவர் நம் முழங்காலைக் கவனமாகப் பார்ப்பதே பாதி மருந்துதான். ஆனால் அந்த ஒரு மாலைக்காக ஒரு பேஸ்மேக்கரைச் சோதனைக்கு உட்படுத்த எனக்கு மனமில்லை.

பேஸ்மேக்கர் இல்லாத இதய நோயாளிகள் இதைப் படித்துவிட்டு மிரள வேண்டாம். ஸ்டென்ட் என்பது கம்பி வலையாலான ஒரு சிறு குழாய். அது எதையும் கேட்பதுமில்லை, எதையும் தீர்மானிப்பதுமில்லை. முழங்காலில் வைக்கும் டென்ஸுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பைபாஸ் செய்தவர்களுக்கு நெஞ்செலும்பைக் கட்டிய கம்பியைப் பற்றிக் கவலை. ஆனால் அவர்கள் கவலைப்பட வேண்டிய இடம் காலில் இருக்கிறது. பைபாஸுக்கான ரத்தநாளத்தைப் பலருக்குக் காலின் உட்பக்கத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். அந்தத் தழும்பை ஒட்டி ஓடும் நரம்பு அடிபட்டிருந்தால், முழங்காலின் உட்புறத்திலிருந்து கணுக்கால் வரை மரத்துப்போயிருக்கும். சரியாக அந்த இடத்தில்தான் பட்டையை ஒட்டுகிறார்கள், அங்கேதான் மெழுகையும் ஊற்றுகிறார்கள். "தாங்குற வரைக்கும் ஏத்துங்க" என்று நோயாளியின் சொல்லை நம்பித்தான் அளவை ஏற்றுவது வழக்கம். உணர்ச்சியில்லாத தோல் எதையும் தாங்கும், பிறகு கொப்பளிக்கும். கூடவே சர்க்கரையும் இருந்தால் அந்தப் புண் ஆற எத்தனை மாதம் ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு கைப்பிடிப் பஞ்சையும் குளிர்ந்த நீரும் வெந்நீரும் உள்ள இரண்டு குப்பிகளையும் வைத்து முதலில் உணர்ச்சியைச் சோதிக்கும் பிசியோதெரபிஸ்டை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் கெண்டைச் சதையில் வலியும் இருந்தால், அது ரத்தக்கட்டியாக இருக்கக்கூடும். அந்தக் காலில் தசையைச் சுண்டவைக்கும் எந்தக் கரண்டும் வைக்கக் கூடாது, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். முழங்கால் மாற்று அறுவை செய்தவருக்கு, உள்ளே இருக்கும் உலோகத்தால் ஷார்ட் வேவ் ஆகாது.

பெரியம்மைக்குக் கடைசியில் பலித்தது மிகச் சாதாரணமான ஒன்று. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட், நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை வைத்திருக்கவும், படுத்துக்கொண்டு சுருட்டிய துண்டை முழங்காலுக்கடியில் வைத்து அமுக்கவும் சொல்லிக்கொடுத்தார். தொடையின் முன்தசை வலுத்தால் மூட்டின் சுமை குறையும் என்பதுதான் அதன் கணக்கு. தரையில் உட்காரக் கூடாது என்ற கட்டளையை மட்டும் பெரியம்மை ஏற்கவேயில்லை; பேரம் பேசி, ஒரு முக்காலி வரை இறங்கி வந்தார். வலிக்கும் நாளில் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மேலே பூசும் ஜெல்லை மட்டும் தடவிக்கொள்கிறார். அதில் மருந்து ரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட வெகு குறைவு.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். போன வருடக் கடைசியில் பேஸ்மேக்கர் செக்கப்புக்குப் போனபோது, நெஞ்சின் மேல் கருவியை வைத்து உள்ளே பதிவானவற்றைப் படித்துக்கொண்டிருந்த டெக்னீசியன் ஒரு தேதியைச் சொல்லி, "ஆச்சி, அன்னைக்குச் சாயங்காலம் நாலரை மணிக்கு என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். ஏறத்தாழ கால் மணி நேரம் வெளி இரைச்சல் விட்டு விட்டுப் பதிவாகியிருந்தது. பெரியம்மை என்னைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். ஊரில் கல்யாண மண்டபத்தில் பத்து நாள் இலவச முகாம் நடந்ததாம். இரண்டு பாதத்தையும் வைத்து உட்கார்ந்தால் கால் துள்ளும் மிஷினாம். "ஓசியிலதானேன்னு போனேன். எல்லாரும் வந்தாவ" என்றார். தலை சுற்றியதா என்று கேட்டதற்கு, "லேசா. வெயிலுன்னு நெனச்சேன்" என்றார். அந்த இரைச்சல் இந்த மிஷினால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நேரம் பொருந்துகிறது என்று மருத்துவர் சொன்னார். எனக்குப் பாதை உடனே புரிந்தது. முழங்காலில் ஒட்டும் பட்டையைப் போல அல்ல அது. ஒரு பாதத்தில் நுழைந்து, தொடை வழியாக இடுப்பு வரை ஏறி, மறு காலில் இறங்கி வெளியேறுகிறது. டென்ஸைவிட இதயத்துக்கு அருகே வருகிறது.

அதே முகாம் அப்போது ஆலங்குளத்தில் நடந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். மூன்று வரிசையில் முதியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பில் இருந்த பையனிடம் கையேட்டைக் கேட்டேன். மரியாதையாகவே எடுத்துக் கொடுத்தான். முதல் பக்கத்தின் முதல் எச்சரிக்கையே பேஸ்மேக்கர்தான், ஆங்கிலத்தில். அதைத் தமிழில் சத்தமாகச் சொல்லலாமா என்று கேட்டேன். அவன் சற்றுத் தயங்கிவிட்டு, சொல்லுங்க சார் என்றான். நெஞ்சில் மிஷின் வைத்தவர்கள் இதில் கால் வைக்கக் கூடாது என்று சொன்னேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "ஸ்டென்ட் வச்சவங்களும் அதுல சேர்த்தியா தம்பி?" என்று கேட்டார். சேர்த்தி இல்லை ஐயா, அது வேறு என்று சொல்லிக்கொண்டே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சர்க்கரை இருக்கிறதா, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று விசாரித்தேன். அவர் மிஷினிலிருந்து ஒரு காலை எடுத்து, உள்ளங்காலைத் தன் கையாலேயே அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.